மாடுலர் மருத்துவமனை (அறைகளைத் தொழிற்சாலையில் பெட்டி பெட்டியாகச் செய்து, களத்தில் கொண்டுவந்து சேர்ப்பது): உங்களைக் கேட்டுத்தான் கட்டினார்களா? அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

இரவுப்பணி:
புதிய வார்டுக்கான மாதிரி அறையை ஒட்டுப்பலகையில் செய்து, செவிலியர்களை வந்து பார்க்கச் சொன்னார்கள். எங்களில் மூத்தவர் கட்டிலில் படுத்துக்கொண்டு, "எனக்கு மூச்சு நின்றுவிட்டது, என்ன செய்வீர்கள் பார்க்கிறேன்" என்றார். அவசர மருந்து வண்டியை உள்ளே தள்ளினோம். அது நிற்க வேண்டிய இடத்தில்தான் ஆக்சிஜன் குழாய் தொங்கியது. தலைமாட்டில் நிற்க ஒருவருக்கும் இடமில்லை. வடிவமைப்பாளர் மறுபக்கச் சுவரில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு, "இங்கே மாற்றிவிடுகிறோம் சிஸ்டர்" என்றார்.

கட்டடம் வந்து இறங்கியது. எல்லா அறையிலும் ஆக்சிஜன் பழைய இடத்திலேயே இருக்கிறது. கேட்டால், எங்களைக் கூப்பிடுவதற்கு முன்பே ஒப்புதல் கையெழுத்து ஆகிவிட்டதாம். பிறகு எதற்குக் கூப்பிட்டார்கள்?

ரசமட்டம்:
நான் தொழிற்சாலைப் பக்கத்து ஆள். சிஸ்டரின் கோபம் நியாயம்தான், ஆனால் எங்கள் தலையில் கட்டாதீர்கள். அங்கே அஸ்திவாரம் போடும்போதே இங்கே அறைகள் தயாராகின்றன. மாடுலரில் நேரம் மிச்சமாவதே அதனால்தான். சுவரை மூடிய பிறகு ஒரு குழாய்முனையை நகர்த்த வேண்டுமென்றால், பிரித்து, வெட்டி, அழுத்தச் சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். அதற்காக ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருந்தாலும் வேலை ஓடாது. 2020இல் வூஹானில் 1,000 படுக்கைகளுடன் ஹுவோஷென்ஷான் மருத்துவமனை சுமார் 10 நாட்களில் எழுந்தது. அங்கே யாரைக் கேட்டார்கள்?

வார்டு உதவியாளர்:
என்னைக் கேட்கவில்லை, அது மட்டும் தெரியும். நடைவழியில் இரண்டு பெட்டிகள் சேரும் இடத்தில் தரையில் ஓர் உலோகப் பட்டை மேடாக நிற்கிறது. கால் எலும்பு முறிந்த பெரியவர் ஒருவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிப்போனேன். முன்சக்கரம் பட்டையில் ஏறி இறங்கியதும் அலறிவிட்டார். பின்சக்கரம் இன்னும் ஏறவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வேண்டாம்பா, இங்கேயே விட்டுவிடு" என்றார். துடைக்கும்போது தண்ணீர் தேங்குவதும் அதே இடத்தில்தான்.

சக்கரநாற்காலி:
ரசமட்டம் ஐயா, வூஹானைச் சொல்லித் தப்பிக்க முடியாது. அதற்கு முன்மாதிரி, 2003 சார்ஸ் தொற்றுக் காலத்தில் பெய்ஜிங்கில் கட்டிய சியாவ்தாங்ஷான் மருத்துவமனை. பாடம் ஏற்கெனவே கையில் இருந்தது.

என் கதை சின்னது. நோயாளிகள் சார்பில் குழுவில் இருந்தேன். வரைபடத்தை நீட்டிக் கருத்துக் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு தரையில் டேப் ஒட்டிக் கழிப்பறையை முழு அளவில் காட்டினார்கள். நாற்காலியைத் திருப்பினேன், வாஷ்பேசின் இருக்க வேண்டிய இடத்தில் என் முழங்கால் இருந்தது! முழுதாகத் திரும்ப 1.5 மீட்டர் வட்டம் வேண்டும். அப்போதே மாற்றிவிட்டார்கள்.

இனிமேல் குழுவுக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வரைபடம் எந்தத் தேதியில் இறுதியாகிறது என்பதை முதல் கூட்டத்திலேயே எழுத்தில் வாங்குங்கள். அதற்குப் பிறகு கூப்பிட்டால் போகாதீர்கள், காபியும் கைகுலுக்கலும்தான் மிஞ்சும். நிஜக் கட்டில், நிஜ வண்டி கேளுங்கள். நீங்கள் சொன்னதில் எதை ஏற்றார்கள், எதை மறுத்தார்கள், ஏன் என்று பட்டியல் கேளுங்கள். கழிப்பறையை விடவே விடாதீர்கள். ஒரே அச்சில் வருவதால் ஒன்றில் உள்ள கோளாறு அத்தனையிலும் வரும். இரவுப் பணியாளர், துப்புரவுப் பணியாளர் வரும் நேரத்துக்குக் கூட்டத்தை மாற்றச் சொல்லுங்கள்.

ரசமட்டம்:
அந்தப் பட்டையைத் தொழிற்சாலையில் போடுவதில்லை. அது களத்தில் போடுவது.

வார்டு உதவியாளர்:
சரி ஐயா. அதைக் கழற்றிச் சமமாகப் போட முடியுமா, யாரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.