புதுப்பிப்பு: காலைத் தண்ணீரில் நாற்றம், காரணம் தெரிந்தது

குழாய்த் தண்ணீர் காலையில் மட்டும் நாறுகிறது, குடிநீர் அலுவலகமோ தங்கள் தொட்டி நீர் சுத்தம் என்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். வழி சொன்ன அனைவருக்கும் நன்றி.

பலன் தந்தது, எஞ்சிய குளோரினை (கிருமிகளைக் கொல்லக் கலக்கும் குளோரினில் மீதம் இருப்பதை) வீட்டுக் குழாயிலேயே அளக்கச் சொன்ன யோசனை. தண்ணீர் வரத் தொடங்கியதும் பூஜ்ஜியம். அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.3 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் குழாய்முனையில் குறைந்தது 0.2 இருக்க வேண்டும் என்கிறது. நேரம் குறித்த இந்த அளவுகளை மனுவுடன் இணைத்த பிறகே தெருவைத் தோண்டினார்கள்.

எதிர்பாராதது: தொட்டி நீர் உண்மையிலேயே சுத்தம்தான். சாக்கடையை ஒட்டிச் செல்லும் பொதுக்குழாயில் விரிசல். விநியோகம் நின்றதும் அழுத்தம் இறங்கி, கழிவுநீர் உள்ளே கசிந்து, காலையில் முதலில் வரும் நீரின் குளோரினைத் தீர்த்திருக்கிறது. இத்தனை நாள் குழந்தைகள் அதைக் குடித்தார்களே என்று மனம் ஆறவில்லை. குழாயை மாற்றிவிட்டார்கள், இப்போது முதல் குடத்திலேயே 0.3 காட்டுகிறது.