மகளிர் பனி ஹாக்கியின் மீது ஆர்வம் பெருகுவது ஏன்?

கேள்வி: 1998 நாகானோ ஒலிம்பிக்கிலேயே மகளிர் பனி ஹாக்கி இடம்பெற்றுவிட்டது. இருந்தும் அண்மையில்தான் அரங்குகள் நிரம்புகின்றன. அமெரிக்காவும் கனடாவுமே தங்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஓர் ஆட்டத்தில் மற்ற நாட்டினருக்கு என்ன ஈர்ப்பு?

மறுமொழி 1: ஒலிம்பிக்கின்போது மட்டும் கண்ணில் பட்டு, பிறகு நான்கு ஆண்டுகள் மறைந்துபோன வீராங்கனைகளை, 2024 ஜனவரியில் வட அமெரிக்காவில் தொடங்கிய தொழில்முறை மகளிர் லீக் வாரந்தோறும் காணச் செய்தது என்பதே முதன்மைக் காரணம். அவ்வாண்டு ஏப்ரலில் மாண்ட்ரியால் பெல் சென்டரில் நடந்த ஒரு லீக் ஆட்டத்துக்கு 21,105 பேர் வந்தனர். அதே வீராங்கனைகள் நாட்டுக்காக ஆடும்போது, பார்வையாளருக்கு அவர்கள் ஏற்கெனவே அறிமுகமானவர்கள்.

மறுமொழி 2: லீக்கை மட்டும் காரணமாகக் கூறுவது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. 2006 டூரின் ஒலிம்பிக் அரையிறுதியில் ஸ்வீடன் அமெரிக்காவை வீழ்த்தியது. 2019 உலக சாம்பியன்ஷிப் இறுதியில், எஸ்போவில் சொந்த ரசிகர்களின் முன் ஆடிய ஃபின்லாந்து, கூடுதல் நேரத்தில் அடித்த கோல் காணொளி மறுஆய்வுக்குப் பின் செல்லாததாக அறிவிக்கப்பட்டதால், பெனால்டி ஷாட்களில் தோற்றது. (அந்தத் தீர்ப்பைப் பற்றி இன்றும் வாதிடலாம்.) செக் அணி 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வென்றது. தங்கம் கைமாறாவிட்டாலும், அதற்குக் கீழே போட்டி கடுமையாகியிருக்கிறது.

கேள்வி கேட்டவர்: நன்றி. அப்படியானால் வெண்கலப் பதக்க ஆட்டங்களையும் இனித் தவறாமல் பார்க்கிறேன்.