முதல் மீடியம் ஃபார்மட் ஃபிலிம் கேமரா: யாஷிகாவா, மமியாவா?

வணக்கம் நண்பர்களே. நான்கு வருடமாக 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்துவருகிறேன். இப்போது அதைவிட அகலமான, மீடியம் ஃபார்மட் கேமராவில் போடும் 120 ஃபிலிம் ஆசை பிடித்துவிட்டது. பெரும்பாலும் ஆட்களைத்தான் எடுப்பேன், கறுப்பு வெள்ளையில்.

மனதில் இரண்டு கேமரா இருக்கின்றன. ஒன்று யாஷிகா மேட் 124ஜி: எடை குறைவு, ரோலுக்கு 12 சதுரப் படம். இன்னொன்று மமியா ஆர்பி67: நெகட்டிவ் பெரிது, பின்பக்கத்தை மட்டும் திருப்பினால் நெடுக்குப் படம் கிடைத்துவிடும். ஆனால் லென்ஸோடு இரண்டரை கிலோவுக்கு மேல், ரோலுக்குப் பத்தே படம். (ஹாசல்பிளாட் வாங்கச் சொல்லாதீர்கள். ஆசை இருக்கிறது, காசு இல்லை.)

போன வாரம் ஒரு பழைய யாஷிகாவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். குனிந்து பார்க்கும் கண்ணாடியில் இடம் வலம் மாறித் தெரிகிறது. எதிரே நின்றவர் ஒரு பக்கம் நகர, நான் கேமராவை மறுபக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன். இது பழகிவிடுமா? அப்புறம், ஒரு விநாடி வேகத்தில் ஷட்டர் முனகிக்கொண்டே பாதியில் நின்றது. "பத்து தடவை ஷட்டரை அழுத்தினால் சரியாகிவிடும்" என்றார் விற்பவர். இருபது தடவை அழுத்தினேன், ஆகவில்லை. உள்ளே எண்ணெய் இறுகியிருக்கலாம். சுத்தம் செய்தால் போதுமா, இல்லை விட்டுவிடலாமா? வெளிச்சம் அளக்கும் மீட்டரும் வேலை செய்யவில்லை. அது பரவாயில்லை, செல்போனில் பார்த்துக்கொள்வேன்.

ஆர்பி67 வைத்திருப்பவர்களே, ட்ரைபாட் இல்லாமல் சமாளிக்க முடிகிறதா? வாங்கும்முன் பெல்லோஸில் (லென்ஸுக்குப் பின்னால் மடிந்து விரியும் பகுதி) ஓட்டை இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியுமா?