வேலையை எப்போது விடுவது? அமெரிக்காவில் நீங்கள் பார்த்த ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்ட) தொழிலாளர்கள் பற்றிச் சொல்லுங்கள்

ஹூஸ்டன்வாசி:
எங்கள் அலுவலகத்தைத் துப்புரவு செய்ய இரவில் வரும் மெக்சிகோ அம்மாவுக்கு 66 வயது. முழங்கால் தேய்ந்துவிட்டது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகத்தான் ஏறுவார். "இன்னும் ஏம்மா வேலைக்கு வர்றீங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். மகள் போனில் எடுத்து வைத்திருந்த சோஷியல் செக்யூரிட்டி (அமெரிக்க அரசின் ஓய்வூதியத் திட்டம்) அறிக்கையைக் காட்டினார். ஆண்டுவாரியாகச் சம்பளப் பட்டியல். பெரும்பாலான ஆண்டுகளுக்கு நேரே பூஜ்யம்.

அந்த ஆண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை. வீடு வீடாகப் போய்ச் சமைத்தார், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். எல்லாம் ரொக்கக் கூலி. வரி கட்டி யாரும் கணக்கில் காட்டவில்லை. ஓய்வூதியத்துக்கு 40 கிரெடிட், அதாவது கணக்கில் காட்டிய சம்பளத்துக்குக் கிடைக்கும் புள்ளிகள், வேண்டும். ஆண்டுக்கு அதிகபட்சம் 4 என்பதால் குறைந்தது 10 ஆண்டு ஆகும். இவருக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி. கணவர் கணக்கு வழியாகவும் எதுவும் வராது. சொந்த ஊரில் உழைத்த காலத்தையும் சேர்க்க முடியாது. இரு நாட்டிலும் உழைத்த காலத்தைச் சேர்த்துக் கணக்கிட அமெரிக்காவும் மெக்சிகோவும் 2004-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஸ்பெயின், சிலி, உருகுவேயிலிருந்து வந்தவர்களுக்கு அந்த வசதி உண்டு. (இந்தியாவோடும் ஒப்பந்தம் இல்லை, நம்மவர்களும் கவனிக்க வேண்டியது.)

உழைத்தவருக்கே உழைத்ததற்குச் சாட்சி இல்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

ஃப்ரெஸ்னோவாசி:
எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கதை வேறு. திராட்சைத் தோட்ட வேலைக்கு வந்தவர், அனுமதியில்லாமல் தங்கியிருந்தவர்களுக்கான 1986 பொதுமன்னிப்புச் சட்டத்தால் க்ரீன் கார்டு கிடைத்தது. அப்புறம் கூரை வேய்கிற வேலை. கிரெடிட் தாராளமாக இருந்தது, முதுகுதான் போய்விட்டது. 1960-க்குப் பிறகு பிறந்தவர் என்பதால் முழு ஓய்வூதிய வயது 67. 62-இலேயே வாங்கினால் மாதத்தொகையில் 30 சதவீதம் குறையும், ஆயுள் முழுக்க. மகன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "ஏணியில யார் ஏறுறது?" என்று கேட்டுவிட்டு 62-இலேயே விண்ணப்பித்தார். 70 வரை காத்திருந்தால் லாபம் என்கிற அறிவுரையெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் சரி.

இன்னொன்று. அவர் கணக்கில் ஓர் ஆண்டுச் சம்பளமே விடுபட்டிருந்தது. பொதுவாக அந்த ஆண்டு முடிந்து 3 ஆண்டு, 3 மாதம், 15 நாளுக்குள் திருத்தக் கேட்க வேண்டும், விதிவிலக்குகள் சிலதான். உங்கள் வீட்டில், கடையில் வேலை செய்கிறவர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள்: ஆண்டுக்கு ஒருமுறை அறிக்கையைப் பார்க்கட்டும், சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கட்டும்.