விண்கலச் சூரியத் தகடுகளை 300 வோல்ட்டுக்கு உயர்த்தலாமா?

வெண்கோள்:
மின் உந்திகளுக்கு நேரடியாக மின்சாரம் தர 300 வோல்ட் அளவிலான தகடுகள் தேவை. அதே திறனை மூன்று மடங்கு மின்னழுத்தத்தில் அனுப்பினால், அதே கம்பியில் இழப்பு ஒன்பதில் ஒன்றாகிவிடும். இன்னமும் 100 வோல்ட்டிலேயே தங்கியிருப்பதற்கு அச்சத்தைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அயனிக்காற்று:
அந்த அச்சத்துக்கு 1997-இலேயே காரணம் கிடைத்துவிட்டது. டெம்போ-2 செயற்கைக்கோளின் தகடுகள் ஏறத்தாழ 100 வோல்ட்டில் இயங்கியவை. அவற்றில் சில செல் வரிசைகள் செயலிழந்தன. முதலில் சிறு மின்பொறி ஒன்று தெறிக்கிறது. அது கிளப்பும் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்ற வாயு, பக்கத்துச் செல்லுடனான மில்லிமீட்டர் அளவு இடைவெளிக்குப் பாலமாகிறது. அதன் வழியே தகட்டின் சொந்த மின்சாரமே பாய்ந்து, அடியிலுள்ள பாலிமைடு என்ற காப்புப் படலத்தைக் கரியாக்குகிறது. கரி மின்சாரத்தைக் கடத்துவதால், பொறி அணைந்த பின்னும் குறுக்குச்சுற்று நிலைத்துவிடுகிறது.

வெண்கோள்:
அது புவிநிலைச் சுற்றுப்பாதையில் நடந்தது. அங்கே பிளாஸ்மா அடர்த்தி மிகக் குறைவு. காந்தப்புயலின்போது வரும் ஆற்றல் மிகுந்த எலெக்ட்ரான்களே கலத்தை மின்னேற்றுகின்றன. இடைவெளிகளைச் சிலிக்கோன் பசையால் அடைத்தும், மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடை வரிசைக்கொன்றாக வைத்தும் அதற்குத் தீர்வு கண்டாயிற்று. புவிக்கு அருகிலுள்ள தாழ்பாதையிலோ, 2012-இல் ஏவப்பட்ட ஜப்பானின் ஹோர்யு-2 என்ற சிறு செயற்கைக்கோள் 300 வோல்ட்டுக்கு மேலேயே உற்பத்தி செய்து காட்டியது.

அயனிக்காற்று:
ஹோர்யு-2 அரிய சாதனைதான், ஆனால் பெருங்கலத்தின் நிலை வேறு. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் 160 வோல்ட் தகடுகளின் எதிர்முனை சட்டகத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. எடை குறைந்த எலெக்ட்ரான்கள் நேர்முனைப் பக்கம் விரைந்து சேர்வதால், நிலையம் முழுவதுமே சூழ்ந்துள்ள பிளாஸ்மாவைவிட 140 வோல்ட் வரை எதிர்மின்னழுத்தத்துக்குப் போகலாம் என்று கணித்தார்கள். அப்படிப் போனால் அலுமினியத்தின் ஆக்சைடுப் பூச்சு உடைந்து பொறி பறக்கும். வெளியே பணிசெய்யும் வீரரின் உயிருக்கே ஆபத்து நேரலாம். செனான் வாயுவின் துணையோடு எலெக்ட்ரான்களை வெளியேற்றும் கருவியை 2000-இல் பொருத்தியது இதனால்தான்.

நெடுவான்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அங்கே பின்னர் அளந்த மதிப்புகள் பெரும்பாலும் அந்தக் கணிப்பைவிட வெகுவாகக் குறைந்திருந்தன என்பதையும் சொல்ல வேண்டும்.

அயனிக்காற்று:
உண்மைதான். ஆனால் அது அந்தச் செல்களின் அமைப்பால் கிடைத்த நன்மை. அவற்றின் மூடுகண்ணாடி எலெக்ட்ரான்களைத் தடுக்கிறது. சில நூறு வோல்ட்டில், திறந்த உலோகத்தைச் சுற்றியுள்ள காப்புப் பரப்பே எலெக்ட்ரான்களைச் சேகரிக்கத் தொடங்குவதால், கசிவு மின்னோட்டம் திடீரென ஏறிவிடும். தாழ்பாதையில் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கொருமுறை வெயிலும் நிழலும் மாறி வருகையில், பசை விரிந்து சுருங்கி வெடிப்பு விடலாம். பசையிட்ட முழு அளவுத் தகட்டுக்கு ஆயிரக்கணக்கான வெப்பச் சுழற்சிகளைக் கொடுத்து, அதன் பிறகு பிளாஸ்மா கலனில் 300 வோல்ட்டில் சோதித்துக் காட்டுங்கள்; அந்த முடிவை நான் ஏற்கிறேன்.