வறண்ட காட்டு மேய்ச்சல்: பொலிகிடாவை வெளியில் வாங்குவதா, மந்தைக்குள்ளேயே தேர்ந்தெடுப்பதா?

கேள்வி: முள்வேலி

வணக்கம். 14 குடும்பங்கள், சுமார் 400 பெட்டை வெள்ளாடுகள், எல்லாம் நாட்டு இனம். எல்லோருக்கும் ஒரே மேய்ச்சல் காடு, ஒரே குட்டை. மழை மூன்று மாதம்தான், மற்ற நாளெல்லாம் முள்மர இலையும் நெற்றும்தான் தீனி. குட்டிகள் வர வர சிறுத்துப் பிறக்கின்றன. வேற்றினப் பெரிய கிடா இரண்டு வாங்கி எல்லா மந்தைக்கும் விடலாம் என்கிறார்கள் சிலர். இருக்கிற மந்தைகளிலேயே நல்ல கிடாக்களைப் பொறுக்கிப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள் மற்றவர்கள். பொதுவில் வைப்பதென்றால் எத்தனை கிடா வேண்டும்? எதைப் பார்த்துத் தேர்வது?

பதில்: கிடைக்காவல்

குட்டி சிறுக்கிறது என்றால் முதலில் விற்பனையைப் பாருங்கள். வேகமாக வளர்ந்த ஆண்குட்டிக்கு முதலில் விலை கிடைக்கிறது, ஆறு மாதத்தில் போய்விடுகிறது. விலை போகாத சவலைதான் மந்தையில் தங்கிப் பெட்டைகளோடு சேர்கிறது. வருடா வருடம் மட்டமான தகப்பனை நீங்களே தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றுதான் இதற்கு அர்த்தம். இதை நிறுத்தாமல் எந்தக் கிடாவை வாங்கினாலும் அதன் நல்ல குட்டிகளும் அதே வழியில்தான் போகும்.

இரண்டு கிடா 400 பெட்டைக்குப் போதாது. காடு மேயும் மந்தையில் ஒரு கிடாவுக்கு 25 பெட்டை என்று வையுங்கள், 16 கிடா வேண்டும். உறவுக்கலப்பு, அதாவது நெருங்கிய உறவுள்ள ஆடுகள் தங்களுக்குள் சேர்வது, அதன் கணக்கும் இருக்கிறது. கிடா எண்ணிக்கையையும் பெட்டை எண்ணிக்கையையும் பெருக்கி, அதை 4 மடங்காக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். 16 கிடாவுக்கு 61 வருகிறது, 2 கிடாவுக்கு 8 கூட வராது. இந்த எண் 50க்குக் கீழே போனால் ஒரு தலைமுறையில் உறவுக்கலப்பு 1 சதவீதத்தைத் தாண்டும். 8 என்றால் 6 சதவீதத்துக்கு மேல். குட்டி இறப்பும் சினை நிற்காமையும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

வேற்றினப் பெரிய கிடாவின் கலப்புக் குட்டிக்குப் பெரிய உடம்பு, அதற்கேற்ற தீனி வேண்டும். நல்ல மழை வருடத்தில் எடை காட்டும், வறட்சி வருடத்தில் முதலில் மெலிவது அதுதான். கோடையைத் தாண்டி, குட்டியையும் காப்பாற்றும் தாய்கள் உங்கள் மந்தையிலேயே இருக்கின்றன. அவற்றின் மகன்களைத் தேடுங்கள். எத்தியோப்பியாவில் மென்ஸ், போங்கா, ஹோரோ செம்மறிகளிலும், பிறகு அபர்கெல்லே வெள்ளாடுகளிலும் இப்படித்தான் ஊர்க்குழுக்களே கிடா தேர்வு செய்கின்றன.

பதில்: தராசுமுள்

எதைப் பார்ப்பது என்பதற்கு வருகிறேன். கண்பார்வையை மட்டும் நம்பாதீர்கள், முன்னதாகப் பிறந்த குட்டி எப்போதும் பெரிதாகத்தான் தெரியும். குழுவில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் தொங்கு தராசும் நோட்டும் கொடுங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் எடை, தேதி, தாயின் எண், ஒற்றையா இரட்டையா என்பதை எழுத வேண்டும். மூன்று மாதத்தை ஒட்டி மறுபடி எடை. எல்லாக் குட்டியையும் சரியாக 90-ஆம் நாளில் நிறுத்த முடியாது, அதனால் வயதைச் சமன் செய்யுங்கள்: இன்றைய எடையில் பிறப்பெடையைக் கழித்து, வயது நாட்களால் வகுத்து, 90ஆல் பெருக்கி, பிறப்பெடையைத் திரும்பக் கூட்ட வேண்டும்.

ஒரு குட்டி 104-ஆம் நாளில் 11.3 கிலோ, பிறப்பெடை 2.2. இன்னொன்று 80-ஆம் நாளில் 9.5 கிலோ, பிறப்பெடை 2. சமன் செய்தால் முதலாவது 10.1, இரண்டாவது 10.4. தராசில் குறைவாக நின்றதுதான் உண்மையில் முந்துகிறது. இரட்டையை இரட்டையோடு மட்டும் ஒப்பிடுங்கள், முதல் ஈற்றுக் குட்டியைத் தனியாகப் பாருங்கள். இல்லாவிட்டால் இரட்டை ஈனும் தாயின் மகன்களையெல்லாம் கழித்துவிடுவீர்கள்.

எடைக்குச் சமமாகத் தாயின் கணக்கையும் பாருங்கள்: கடைசி இரண்டு ஈற்றில் எத்தனை குட்டி பால் மறக்கும் வரை பிழைத்தது, இரண்டுக்கும் இடையே எத்தனை மாதம் என்று. வறண்ட காட்டில் என் கணக்கில் முதல் இடம் இதற்குத்தான்.

காது வில்லை முட்செடியில் மாட்டிக் கிழியும். சிறிய வில்லையாக, நரம்புகளுக்கு நடுவே, காது வளர இடம் விட்டுப் போடுங்கள். மறு காதில் வெட்டுக்குறியும் இருக்கட்டும், வில்லை விழுந்தாலும் அடையாளம் போகாது.

பதில்: மூன்றாம் ஈற்று

சுற்றி விடுவது பற்றி. 14 குடும்பத்தை நான்கு அணியாக்குங்கள். முதல் அணியில் பிறந்த கிடா ஒரு வருடம் இரண்டாம் அணியில், அடுத்த வருடம் மூன்றாம் அணியில், பிறகு வெளியே. பெட்டைக்குட்டிகள் பிறந்த அணியிலேயே இருக்கும். 12 மாதத்துக்கு மேல் ஒரே இடத்தில் விட்டால் அதன் மகள்களே பருவத்துக்கு வந்து அதனோடு சேரும். சினை ஐந்து மாதம், அதன் பிறகு பெட்டைக்குட்டி ஏழெட்டு மாதத்தில் பருவம் காட்டலாம். வருடம் 8 கிடா மாறும் என்பதால் மூன்று மாதத்தில் 30 குட்டி, ஆறு மாதத்தில் 14, ஒரு வயதில் 10 என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். 8 வேலைக்கு, 2 கைவசம்.

குட்டையில் எல்லா மந்தையும் கலந்தால் இந்தச் சுற்று நோட்டில் மட்டும்தான் இருக்கும். பகலில் கிடாவின் அடிவயிற்றில் துணிக் கவசம் கட்டி, இரவில் பட்டிக்குள் அவிழ்த்துவிடுங்கள். துணி மூத்திரத்தில் ஊறிப் புண்ணாக்கும், தினமும் பார்க்க வேண்டும். தேர்வாகாத ஆண்குட்டிகளை நான்கு மாதத்துக்குள் காயடித்துவிடுங்கள். இடுக்கியால் ஒவ்வொரு விந்துக் குழாயையும் தனித்தனியாக, இரண்டு நசுக்குக் கோடும் நடுவில் சேராதபடி நசுக்க வேண்டும், சேர்ந்தால் பை அழுகும். ஒரு மாதம் கழித்து விரை சுருங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். ஒரு வீட்டில் காயடிக்காமல் விட்ட ஒரு குட்டி போதும், பதிவுகள் எல்லாம் பொய்யாகிவிடும்.

தேர்வான குட்டியை உரிமையாளர் விற்காமல் இருக்க, மூன்றாம் மாதமே பொதுநிதியிலிருந்து முன்பணம் கொடுத்து எழுதி வாங்குங்கள். கழித்த கிடா விற்ற பணம் நிதிக்குத் திரும்பட்டும். நோயில் செத்தால் யார் பொறுப்பு, தீனி யார் போடுவது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும்.

கிடாவை அணி மாற்றும் முன் புருசெல்லா (சினை கலையவைக்கும் தொற்று நோய்) ரத்தப் பரிசோதனை கட்டாயம். சுற்றும் கிடா நோயையும் சுற்ற வைக்கும், அந்த நோய் மனிதருக்கும் தொற்றும்.

முள்வேலி

மிக்க நன்றி. எடையில் முன்னால் நிற்கும் குட்டிகளில் நான்கு கொம்பில்லாதவை. எடுக்கலாமா?

மூன்றாம் ஈற்று

எடுக்கலாம், ஆனால் கொம்புள்ள பெட்டைகளுக்கு மட்டும். இரண்டு பக்கமும் கொம்பில்லாமல் சேர்ந்தால், பிறக்கும் பெட்டைகளில் சில இருபால் தன்மையோடு பிறக்கும், சினை பிடிக்காது. பிரித்து மேய்க்க வழியில்லை என்றால் நான்கையும் விட்டுவிட்டு அடுத்த இடத்திலுள்ள கொம்புள்ள குட்டிகளை எடுங்கள்.