2011இல் ஜான் கெர்ரி பாகிஸ்தான் உறவைக் காப்பாற்றினாரா, கிழிசலுக்கு ஒட்டுப்போட்டாரா?

கயல்விழி

2011 மே 2 அதிகாலையில் அபோட்டாபாத்தில் ஒசாமா பின் லேடன் கொல்லப்பட்டபோது பாகிஸ்தான் அமெரிக்காவுக்குப் பகை நாடு அல்ல. நேட்டோவில் இல்லாத முக்கியக் கூட்டாளி என்ற தகுதியை 2004இல் அமெரிக்காவே அதற்குக் கொடுத்திருந்தது. அந்தக் கூட்டாளியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஹெலிகாப்டர்கள் எல்லை தாண்டிப் போய்த் திரும்பின. இராணுவப் பயிற்சிக் கல்லூரிக்குப் பக்கத்திலேயே பின் லேடன் எப்படிக் குடியிருந்தார் என்று வாஷிங்டன் கேட்டது. எங்கள் வீட்டுக்குள் நுழைய உனக்கு யார் அனுமதி கொடுத்தது என்று இஸ்லாமாபாத் கேட்டது. மே 14 அன்று பாகிஸ்தான் நாடாளுமன்றம் கண்டனத் தீர்மானம் நிறைவேற்றி, ஆப்கானிஸ்தானுக்குப் போகும் நேட்டோ சரக்குப் பாதையை மூடுவோம் என்றும் எச்சரித்தது.

அதற்கு மறுநாள் காபூலிலிருந்து அங்கே போய் இறங்கியவர் அமைச்சர் அல்ல, அமெரிக்க செனட் வெளியுறவுக் குழுவின் தலைவர் ஜான் கெர்ரி. மன்னிப்புக் கேட்க வரவில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். ஆனாலும் மே 16 அன்று ஒரு கூட்டறிக்கையோடு திரும்பினார். முக்கியத் தீவிரவாதிகள் மீது பாகிஸ்தானில் இனி எடுக்கும் நடவடிக்கைகளில் இரு நாடுகளும் சேர்ந்தே செயல்படும் என்று அதில் இருந்தது. அபோட்டாபாத்தில் விழுந்த ஹெலிகாப்டரின் வால் பகுதியைத் திருப்பித் தரவும் பாகிஸ்தான் ஒப்புக்கொண்டது.

அந்த வாரத்தில் வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன் போயிருந்தால் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், அல்லது கேட்க மறுத்திருக்க வேண்டும். இரண்டுமே உறவை உடைத்திருக்கும். செனட்டர் போனதால் இரண்டையும் தள்ளிப்போட முடிந்தது. கிளின்டன் மே 27 அன்றுதான் போனார், அதற்குள் சூடு தணிந்திருந்தது. என் கணக்கில் இது அசலான ராஜதந்திரம்.

பழைய நிருபர்

கயல்விழி, நீங்கள் மே மாதத்தில் தொடங்கியதால்தான் படம் இவ்வளவு அழகாக இருக்கிறது. பிப்ரவரியில் தொடங்குங்கள்.

ஜனவரி 27 அன்று லாகூர் நடுத்தெருவில் ரேமண்ட் டேவிஸ் என்ற அமெரிக்கர் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றார். அவரை மீட்க எதிர்த்திசையில் விரைந்து வந்த வண்டி மோதி மூன்றாவது ஆள் செத்தார். சுடப்பட்ட ஒருவரின் இளம் மனைவி, நீதி கிடைக்காது என்று சொல்லி நஞ்சு குடித்து இறந்தார். அந்த நேரத்திலும் லாகூருக்கு வந்தவர் இதே கெர்ரிதான். ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். டேவிஸை விட்டுவிடுங்கள், அமெரிக்க நீதித்துறை குற்ற விசாரணை நடத்தும் என்று வாக்குக் கொடுத்தார். அதே நாளில் ஒபாமா வாஷிங்டனில் டேவிஸை "எங்கள் தூதரக அதிகாரி" என்றார். அவர் சிஐஏவின் ஒப்பந்த ஆள் என்பது சில நாட்களில் வெளியே வந்துவிட்டது.

மார்ச் 16 அன்று, இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 'தியத்' எனும் இரத்தப் பணம் கொடுக்கப்பட்டு டேவிஸ் விடுதலையானார். பத்திரிகைகளில் வந்த கணக்கு சுமார் 23 லட்சம் டாலர். மறுநாளே வட வஜீரிஸ்தானின் தத்தா கேலில் கூடியிருந்த பழங்குடிப் பஞ்சாயத்தின் மீது ஆளில்லா விமானம் குண்டு போட்டது. ஏறத்தாழ நாற்பது பேர் செத்தார்கள்.

லாகூர் சாவுகளுக்காக அமெரிக்காவில் எந்த வழக்கும் நடக்கவில்லை. அப்படியானால் செனட்டர் லாகூரில் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று? கடன் வாங்கியவனுக்கு ஜாமீன் நின்றவன் ஊரை விட்டுப் போனால் நாம் அவனைக் கெட்டிக்காரன் என்றா சொல்வோம்?

சட்டம் படித்தவன்

ஜாமீன் என்ற சொல் இங்கே பொருந்தாது, நிருபர் ஐயா. அமெரிக்க அமைப்பில் யாரை எதற்கு விசாரிப்பது என்பது நிர்வாகத் துறையின் கையில் இருக்கிறது. ஒரு செனட்டரால் நீதித்துறைக்கு உத்தரவிட முடியாது. வெளிநாட்டில் அவர் சொல்லும் எந்த வார்த்தையும் அமெரிக்க அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. பாகிஸ்தான் அதிகாரிகளுக்கும் இது நன்றாகத் தெரியும். அவர்கள் குழந்தைகள் அல்லர்.

லாகூர் விவகாரத்தின் சட்டச் சிக்கலையும் மறந்துவிடக் கூடாது. டேவிஸ் இஸ்லாமாபாத் தூதரகத்தைச் சேர்ந்தவர் என்றால் 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி வழக்கிலிருந்து முழு விலக்குரிமை உண்டு. லாகூர் துணைத் தூதரகத்தைச் சேர்ந்தவர் என்றால் 1963ஆம் ஆண்டு உடன்படிக்கைதான், கொடுங்குற்றத்துக்கு அதில் காப்பு இல்லை. முழு விலக்குரிமை இல்லை என்று சொன்ன வெளியுறவு அமைச்சர் குரேஷி பிப்ரவரி அமைச்சரவை மாற்றத்தில் பதவியை இழந்தார். கெர்ரி வந்திருக்காவிட்டாலும் இந்த முடிச்சு அப்படியேதான் இருந்திருக்கும்.

பழைய நிருபர்

சட்டப்படி கட்டுப்படுத்தாத வாக்கு என்று அந்த விதவையின் வீட்டில் போய்ச் சொல்ல முடியுமா? கேமராக்கள் முன்னால் நின்று சொல்லும்போது அது கட்டுப்படுத்தாது என்று கெர்ரி சொன்னாரா? கேட்டவர்கள் எல்லாரும் அரசியல் சட்டம் படித்தவர்கள் அல்லர். அமெரிக்காவின் பெரிய மனிதர் ஒருவர் வந்து வாக்குக் கொடுத்தார் என்றுதான் லாகூர் கேட்டது.

மாலதி ரா.

எனக்கு வேறொன்று தோன்றுகிறது. பாகிஸ்தானில் அமெரிக்க செனட்டர் என்றாலே பணம்தான் நினைவுக்கு வரும். வந்த பணமும் நின்ற பணமும். உதவியை நிறுத்த வழிசெய்து 1985இல் வந்த பிரெஸ்லர் திருத்தம் ஒரு செனட்டரின் பெயரைத் தாங்கியது. அணுகுண்டுத் திட்டத்தைக் காரணம் காட்டி 1990இல் அது பாய்ந்தபோது, பாகிஸ்தானுக்காகக் கட்டப்பட்ட 28 எஃப்-16 விமானங்கள் அரிசோனா பாலைவனத்தில் நின்றுவிட்டன. காசு கொடுத்தவனுக்கு விமானமும் இல்லை, பல ஆண்டுகள் காசும் இல்லை. 1998இல் கணக்கு முடித்தபோது ஒரு பகுதியைக் கோதுமையாகவும் பிற பொருளாகவும் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். அந்த அவமானம் அங்கே இன்றும் ஆறாமல் இருக்கிறது.

அதன் பிறகு வந்தது 2009இன் கெர்ரி-லூகர் சட்டம். ஐந்து ஆண்டுகளுக்கு 750 கோடி டாலர், அதுவும் இராணுவத்துக்கு அல்ல, பள்ளிக்கும் மின்சாரத்துக்கும் சாலைக்கும். நல்ல எண்ணம்தான். ஆனால் இராணுவத்தின் மீது மக்களாட்சிக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்று வாஷிங்டன் மதிப்பிடும் என்ற வாசகத்தையும் உள்ளே வைத்தார்கள். தளபதிகள் வெகுண்டெழுந்தார்கள். கடைசியில் கெர்ரியும் கீழவை வெளியுறவுக் குழுத் தலைவர் பெர்மனும் சேர்ந்து, பாகிஸ்தானின் இறையாண்மையில் தலையிடும் நோக்கம் இல்லை என்று விளக்க அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று. ஒபாமா கையெழுத்திட்டது அதற்கு அடுத்த நாள், அக்டோபர் 15. பரிசு கொடுக்கப் போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வந்த கதை அது.

கயல்விழி

மாலதி, நீங்கள் சொன்னதுதான் என் வாதத்துக்கும் அடிப்படை. மே மாதத்தில் கெர்ரியின் பேச்சை இராணுவத் தலைமையகம் இருக்கும் ராவல்பிண்டி ஏன் கேட்டது? அந்த 750 கோடியின் சாவி செனட்டில் இருந்தது. பாகிஸ்தானுக்கு ஒரு காசும் கொடுக்கக் கூடாது என்ற குரல் அந்த வாரம் அமெரிக்க காங்கிரஸில் எழும்பிக்கொண்டிருந்தது. அதைத் தடுத்துப் பேசக்கூடியவரே நேரில் வந்து நின்றார். தூதருக்கு அந்தக் கனம் கிடையாது. பாகிஸ்தானின் அணு ஆயுதங்கள் மீது அமெரிக்காவுக்குக் கண் இல்லை என்று அவர் அடித்துச் சொன்னதும் அங்கே அப்போது கேட்க வேண்டியிருந்த சொல்தான். அபோட்டாபாத்துக்கு வந்தவர்கள் நாளை அணுகுண்டுக் கிடங்குக்கும் வருவார்கள் என்ற அச்சம் சாதாரண மக்களிடமும் பரவியிருந்தது.

காபூலையும் பாருங்கள். 2009 ஆகஸ்டு தேர்தலில் நடந்த கள்ள ஓட்டுகளைக் கழித்ததும் ஆப்கான் அதிபர் கர்சாய் 50 விழுக்காட்டுக்குக் கீழே போனார். ஆனால் இரண்டாம் சுற்றுக்கு ஒப்பவில்லை. கெர்ரி நாள்கணக்கில் அவரோடு பேசினார், அரண்மனைத் தோட்டத்தில் கூடவே நடந்தார். தானும் 2004இல் அதிபர் தேர்தலில் தோற்றவன், அந்த வலி எனக்குத் தெரியும் என்ற இடத்திலிருந்து அவரால் பேச முடிந்தது. அக்டோபர் 20 அன்று கர்சாய் இணங்கினார்.

பழைய நிருபர்

இணங்கினார், ஆனால் இரண்டாம் சுற்று நடக்கவே இல்லையே. தேர்தல் நேர்மையாக நடக்காது என்று சொல்லி நவம்பர் 1 அன்று எதிர்த்து நின்ற அப்துல்லா விலகிவிட்டார். கர்சாயே அதிபரானார். நெருக்கடி நாள் கடந்தது, நோய் அப்படியே இருந்தது.

மே 2011உம் அப்படித்தான். ஜூலையில் அமெரிக்கா சுமார் 80 கோடி டாலர் இராணுவ உதவியை நிறுத்திவைத்தது. செப்டம்பரில் அமெரிக்கக் கூட்டுப்படைத் தளபதி மல்லன், ஆப்கானில் போரிடும் ஹக்கானி குழு பாகிஸ்தான் உளவு அமைப்பான ஐஎஸ்ஐயின் கை போலவே இயங்குகிறது என்று செனட்டிலேயே சாட்சி சொன்னார். நவம்பர் 26 அன்று ஆப்கான் எல்லையை ஒட்டிய சலாலாவில் நேட்டோ தாக்குதலில் 24 பாகிஸ்தான் வீரர்கள் செத்தார்கள். மே மாதத்தில் மூடுவோம் என்று சொன்ன பாதையை அப்போது மூடியே விட்டார்கள். ஏழு மாதம் லாரிகள் நின்றன. 2012 ஜூலை 3 அன்று கிளின்டன் தொலைபேசியில் வருத்தம் சொன்ன பிறகுதான் திறந்தார்கள்.

அமைச்சர் போனால் மன்னிப்புக் கேட்க நேர்ந்திருக்கும் என்றீர்கள். கேட்டிருக்க வேண்டியதுதான். கேட்காமல் தப்பிக்க வழி கிடைத்ததால் கேட்கவில்லை, அந்த வழியின் பெயர்தான் கெர்ரி.

சட்டம் படித்தவன்

ஐயா, அபோட்டாபாத்துக்கு மன்னிப்பா? மூவாயிரம் பேரைக் கொன்றவனை வீழ்த்தியதற்கு எந்த அமெரிக்க அரசும் வருத்தம் சொல்லாது. சலாலாவையும் அதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

பழைய நிருபர்

அதை ஏற்றுக்கொள்கிறேன். இரண்டும் ஒன்றல்ல, அவசரத்தில் எழுதிவிட்டேன். லாகூருக்காகக் கேட்டிருக்கலாம் என்பதில் மாறவில்லை.

ஆனால் கயல்விழி ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். மே 15 இரவு இறங்கியதும் கெர்ரி முதலில் சந்தித்தவர் யார்? இராணுவத் தலைவர் கயானி. படை வீரர்களின் மனம் கொதிக்கிறது என்று கயானி அவரிடம் சொன்னதாக இராணுவமே அறிக்கை விட்டது. அதிபர் சர்தாரியையும் பிரதமர் கிலானியையும் சந்தித்தது மறுநாள். மக்களாட்சிக்கு இராணுவம் அடங்கி நடக்க வேண்டும் என்று சட்டம் எழுதிய மனிதர் முதலில் யார் வாசலில் போய் நின்றார் என்பதை அந்த நாடே பார்த்தது.

கயல்விழி

இரண்டு நாளாக இதற்குப் பதில் தேடினேன். அந்த இரவில் துப்பாக்கி யார் கையில் இருந்ததோ அவரிடம்தான் முதலில் பேச முடியும் என்று எழுதிப் பார்த்தேன், அழித்துவிட்டேன். தீர்மானம் நிறைவேற்றியது நாடாளுமன்றம். அதை மதித்து கிலானியிடம் முதலில் போயிருக்க வேண்டும். சில மணி நேரம் தாமதித்தால் கயானி கதவைச் சாத்தியிருக்க மாட்டார். இதில் நீங்கள் சொல்வது சரி.

அவர் போனதே தவறு என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். சலாலாவுக்குப் பிறகு நடந்ததை மே மாதத்திலேயே நடக்க விட்டிருந்தால், இரு தரப்பிலும் இரத்தம் கொதித்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில், யாரும் யாரோடும் பேசாமல் எல்லை மூடப்பட்டிருக்கும். ஆறு மாதம் கிடைத்தது. அந்த ஆறு மாதத்தை இரு அரசுகளும் வீணடித்தன, அதற்கான கணக்கை அவர்களிடம் கேளுங்கள்.